அதே 60 ரூபாய் நோட்டு, ஏறிய விலை: பேப்பர், புத்தகம், நோட்டு ஆகியவற்றின் பணவீக்கத்தை அளப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்பு, ஜூன் முதல் வாரத்தில், மகளின் பள்ளியில் கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு தெருமுனை ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒரு டஜன் வேண்டும். விலை 60 ரூபாய், போன வருடம் வாங்கிய அதே விலை. நிம்மதியாகப் பணத்தை எடுத்தபோது கடைக்காரர் ஒரு நோட்டைத் திருப்பி, பின் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். மொத்தப் பக்கங்கள் 172. “விலையை ஏத்தலை சார், பக்கத்தைக் குறைச்சுட்டாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 192 பக்கத்துக்கு 60 ரூபாய் என்றால் ஒரு பக்கம் சுமார் 31 காசு. 172 பக்கத்துக்கு 60 ரூபாய் என்றால் சுமார் 35 காசு. ஒரு பக்கத்தின் விலை 11.6 சதவீதம் ஏறியிருக்கிறது. அட்டையில் அச்சடித்த விலையில் அது தெரியாது. வருடக் கடைசியில் நோட்டு தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கும்போதுதான் தெரியும்.

விலைவாசியைக் கண்காணிப்பது என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த நோட்டுதான். ஒரு பொருளை ஆடாமல் அசையாமல் பிடித்துவைத்துக்கொண்டு, அதன் விலை மட்டும் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். பிடித்துவைப்பதுதான் கஷ்டம். நாளிதழ், வார இதழ், புத்தகம், நோட்டு, பேனா என்று காகிதத்தைச் சுற்றிய பொருள்களில் அந்தக் கஷ்டத்தின் எல்லா வகையையும் பார்க்கலாம். அதனால் பணவீக்கத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு வெங்காயம், தக்காளியைவிட இவை நல்ல பாடம் என்பது என் எண்ணம்.

100 என்ற தொடக்கம்

முதலில் அடிப்படை. ஏதாவது ஒரு காலத்தை எடுத்து, அப்போதிருந்த விலையை 100 என்று வைத்துக்கொள்கிறோம். பிறகு வரும் விலைகளை அந்த 100-உடன் ஒப்பிட்டுச் சொல்கிறோம். இதுதான் விலைக் குறியீட்டெண். அது 126 என்றால், அடிப்படைக் காலத்தில் 100 ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்க 126 ரூபாய் வேண்டும். இந்த எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் பணவீக்கம் என்கிறோம். போன வருடம் இதே மாதம் 120, இந்த மாதம் 126 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 6 புள்ளி. பணவீக்கமோ 6-ஐ 120-ஆல் வகுத்தால் வரும் 5 சதவீதம். புள்ளியையும் சதவீதத்தையும் ஒன்றாக நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பணவீக்கம் குறைந்தது என்றதும் விலை குறைந்தது என்று எடுத்துக்கொள்வது இரண்டாவது. 5 சதவீதம் 3 ஆனாலும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக.

இந்தியாவில் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தயாரிப்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம். ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதியை ஒட்டி முந்தைய மாதத்தின் எண் வெளியாகும். நீண்ட காலம் 2012-ஆம் ஆண்டுதான் அடிப்படையாக இருந்தது. அந்தத் தொடருக்கு 1,181 கிராமங்களிலும், 310 ஊர்களில் உள்ள 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் விலை திரட்டினார்கள். 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் வந்துவிட்டது.

எதற்கு எவ்வளவு எடை?

எல்லாப் பொருளின் ஏற்றத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா? போதாது. ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு குடும்பம் வருடத்துக்கு இந்த வகைப் பொருள்களில் 10,000 ரூபாய் செலவழிக்கிறது. பாடப்புத்தகம், கைடு 4,000. நாளிதழ் 2,500. நோட்டு 2,000. பேனா, பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் சேர்த்து 1,000. ஜெராக்ஸ் 500. அடுத்த வருடம் புத்தகம் 10 சதவீதம், நாளிதழ் 20 சதவீதம், நோட்டு 5 சதவீதம் ஏறுகிறது. பேனா விலை அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸ் ஒரு பக்கம் 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆகிறது, அதாவது 100 சதவீதம். ஐந்து சதவீதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 27 சதவீதம் வரும். ஆனால் இந்தக் குடும்பத்தின் செலவு உண்மையில் எவ்வளவு கூடியது? புத்தகத்தில் 400, நாளிதழில் 500, நோட்டில் 100, ஜெராக்ஸில் 500. மொத்தம் 1,500 ரூபாய், அதாவது 15 சதவீதம். ஜெராக்ஸ் இரட்டிப்பானது பெரிய செய்திதான். ஆனால் செலவில் அதன் பங்கு இருபதில் ஒன்று. அந்தப் பங்குதான் எடை.

நாட்டுக்கும் இதே கணக்குதான். எடைகள் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்விலிருந்து வருகின்றன. 2012 தொடரின் எடைகள் 2011-12 ஆய்விலிருந்தும், புதிய தொடரின் எடைகள் 2023-24 ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டவை. இடையில் ஒரு டஜன் ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஆண்டுகளில்தான் எத்தனையோ வீடுகளில் காலைப் பேப்பர் கைப்பேசிக்குள் போனது. பேப்பரை நிறுத்திய குடும்பங்கள் பெருகிய பிறகும், 2011-12-இல் இருந்த அளவுக்கே அதற்கு எடை கொடுத்துக்கொண்டிருந்தோம். அடிப்படை ஆண்டை ஏன் மாற்றுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

எடையைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பம் தன் கையிலிருந்து கொடுக்கும் பணம்தான் இந்தக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடநூலும் நோட்டும் விலையில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட அரசுக்கு ஆகும் செலவு எவ்வளவு கூடினாலும் நுகர்வோர் குறியீட்டெண் அசையாது. தனியார் பள்ளியில் கட்டாயமாக வாங்க வேண்டிய புத்தகக் கட்டின் விலை ஏறினால் அசையும்.

எந்தப் பெட்டியில் தேடுவது?

நோட்டுக்கும் பேப்பருக்கும் தனியாகப் பணவீக்கம் எவ்வளவு என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2012 தொடரில் புத்தகம், நாளிதழ், எழுதுபொருள், ஜெராக்ஸ் கட்டணம் எல்லாம் ‘இதர’ என்ற பெரிய பிரிவில், கல்வி என்ற உட்பிரிவுக்குள் இருந்தன. கல்விக்கு மொத்த எடை 100-க்கு 4.46. கிராமத்துக்கு 3.46, நகரத்துக்கு 5.62. பள்ளிக் கட்டணமும் டியூஷனும் இதற்குள்தான். ஆகவே ‘கல்விப் பணவீக்கம்’ என்று செய்தியில் வந்த எண் நோட்டு விலையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத் தனித்தனிப் பொருள்களுக்கான அட்டவணை வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் வகைப்பாடு வேறு மாதிரி. என்ன நோக்கத்துக்காகச் செலவழிக்கிறோம் என்பதை வைத்துப் பிரிக்கும் வகைப்பாடு அது. அதில் செய்தித்தாள், புத்தகம், எழுதுபொருள் மூன்றும் ஒரே குழுவாக, பொழுதுபோக்கு, விளையாட்டு, பண்பாடு என்ற பிரிவுக்குள் வருகின்றன. கல்வி என்ற பிரிவில் கல்விச் சேவை மட்டும். ஐரோப்பிய நாடுகள் இதைப் பின்பற்றுவதால் ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ இந்தக் குழுவின் எண்ணைத் தனியாக எடுத்துப் பார்க்க முடிகிறது. இந்தியாவின் புதிய தொடரும் இந்த வகைப்பாட்டின் 2018 வடிவத்துக்கு மாறியிருக்கிறது. ஒப்பிட வசதிதான். ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் நாவலின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க ஆகும் செலவு எவ்வளவு கூடியது என்று அறிய இப்போது இரண்டு பெட்டிகளைத் திறந்து, எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். இந்த உழைப்பை யாராவது ஒவ்வொரு ஜூனிலும் செய்து வெளியிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடையில் என்ன நடக்கிறது?

விலை சேகரிக்க வருகிறவர் ‘நோட்டு என்ன விலை’ என்று மொட்டையாகக் கேட்பதில்லை. கையில் ஒரு விவரக் குறிப்பு இருக்கும். எந்த அளவு, எத்தனை பக்கம், கோடு போட்டதா போடாததா, எந்த வகை அட்டை. ஒவ்வொரு மாதமும் அதே கடையில், அதே பொருளின் விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரியெல்லாம் சேர்த்து வாங்குகிறவர் கொடுக்கும் விலையைத்தான் எழுதுவார். அட்டையில் 60 என்று அச்சாகியிருந்தாலும் கடைக்காரர் எல்லோருக்கும் 54-க்குக் கொடுத்தால் 54-தான் விலை.

பல கடைகளின் விலையை எப்படி ஒன்றாக்குவது? இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு கடையில் பேனா 40 ரூபாயிலிருந்து 80 ஆகிறது. எதிர்க் கடையில் அதே பேனா 80-லிருந்து 40 ஆகிறது. இரண்டு கடைகளும் விலையை மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். ஆனால் முதல் கடையில் விகிதம் 2, இரண்டாவதில் அரை. கூட்டிப் பாதியாக்கினால் 1.25, அதாவது 25 சதவீத ஏற்றம் என்று வருகிறது. தப்பு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1. ஏற்றமே இல்லை. இந்தப் பெருக்குச் சராசரியைத்தான் இந்தியக் குறியீட்டெண்ணில் கீழ்மட்டத்தில் பயன்படுத்துகிறார்கள். மேலே பொருள்களைச் சேர்க்கும்போதுதான் எடைகள் வருகின்றன.

இனி அந்த 172 பக்க நோட்டுக்கு வருவோம். குறிப்பில் 192 பக்கம் என்று இருக்கிறது, கடையில் 172-தான் இருக்கிறது. சேகரிப்பவர் 60 என்று எழுதிவிட்டால் ஏற்றம் பூஜ்யம். பக்கக் கணக்குப் பார்த்துத் திருத்தினால் 11.6 சதவீதம். இரண்டாவதுதான் சரி. பக்கம் மட்டும் இல்லை, தாளின் கனமும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை அச்சகத்தார் ஜிஎஸ்எம் என்பார்கள். 60 ஜிஎஸ்எம் தாள் 54 ஆனால் மை மறுபக்கம் தெரியும், இங்க் பேனாவில் எழுதும் பிள்ளை ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதும், நோட்டு சீக்கிரம் தீரும். பக்கத்தை எண்ணிவிடலாம். தாள் மெலிந்ததற்கு எத்தனை சதவீதம் என்று வைப்பது? இதற்குச் சுத்தமான விடை கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில்தான் புள்ளியியல் என்பது வெறும் கணக்கு இல்லை, நேர்மையான தீர்ப்பும் வேண்டும் என்று புரிகிறது.

பழைய பொருள் நின்று புதியது வரும்போது பயன்படுத்தும் இன்னொரு வழி உண்டு. பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒரே மாதம் கடையில் சேர்ந்து இருந்தால், அந்த மாதத்தில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் தர வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். பழையது 50, புதியது 60 என்றால் அந்த 10 ரூபாய் நல்ல தாளுக்கும் கெட்டி அட்டைக்கும் உரியது என்று பொருள். அதன்பிறகு புதிய நோட்டின் ஏற்றத்தை மட்டும் தொடரில் சேர்ப்பார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் அட்டைப் படத்தை மட்டும் மாற்றிவிட்டு 10 ரூபாய் ஏற்றியிருந்தால், உண்மையான விலையேற்றம் ஒன்று தொடரிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். அப்புறம் அது திரும்பி வராது.

படிக்கட்டில் ஏறும் நாளிதழ்

காய்கறி விலை தினம் ஆடும். நாளிதழ் விலை இரண்டு மூன்று வருடம் கல்லைப்போல் கிடக்கும், பிறகு ஒரே நாளில் ஏறும். 5 ரூபாய் 6 ஆனால் அது 20 சதவீதம். ஏறிய மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு நாளிதழ்ப் பணவீக்கம் 20 என்றே காட்டும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் போன வருடத்தின் 5 ரூபாயோடு ஒப்பிடுகிறோம். பதின்மூன்றாம் மாதம் ஒப்பீடு 6-க்கும் 6-க்கும் நடுவில், எண் சடாரென்று பூஜ்யமாகிவிடும். அந்த மாதம் எதுவும் நடக்கவில்லை. பேப்பர் மலிவாகவும் இல்லை. பழைய விலை கணக்கிலிருந்து நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பொருளாதாரப் பக்கங்களில் அடிப்படை விளைவு என்று எழுதுவது இதைத்தான். கோட்டு வரைபடம் போட்டால் படிக்கட்டு மாதிரி தெரியும். இப்படிப்பட்ட பொருளுக்கு வருடாந்திர சதவீதத்தை மட்டும் பார்க்காமல் குறியீட்டெண்ணையே பாருங்கள் என்று எப்போதும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு விலை கூடுதல். ஆகவே ஒரு நாள் விலையைவிட மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று குறிப்பது நல்லது. தீபாவளி மலரை வார இதழின் வழக்கமான விலையோடு சேர்க்கக் கூடாது, அது வேறு பொருள்.

நாளிதழ் விலை ஏன் இப்படி நடந்துகொள்கிறது? அட்டை விலை அதன் வருமானத்தில் ஒரு பகுதிதான். மீதி விளம்பரம். நாளிதழ் அச்சிடும் தாளான நியூஸ்பிரிண்டின் விலை ஏறினாலும் உடனே வாசகர் தலையில் வைக்கத் தயங்குவார்கள், வாசகர் குறைந்தால் விளம்பரமும் குறையும். முதலில் பக்கத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். 2022-இல் ரஷ்யா-உக்ரைன் போர் மூண்டபோது ரஷ்யாவிலிருந்து வரும் நியூஸ்பிரிண்ட் தடைபட்டு உலகச் சந்தையில் விலை எகிறியது. இந்தியா நியூஸ்பிரிண்டை நிறைய இறக்குமதி செய்யும் நாடு. அதனால் டாலர் விலையும் சுங்க வரியும் இதில் வந்து சேரும். 2019 பட்ஜெட்டில் நியூஸ்பிரிண்டுக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள், மறு வருடம் அது 5 ஆனது. நம் ஊரில் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அங்கே கரும்பு விளைச்சலும் ஒரு காரணியாகிவிடும்.

இந்தச் செலவுகளையெல்லாம் பார்க்க வேறொரு கண்ணாடி இருக்கிறது: மொத்த வியாபாரத்தில் உள்ள விலைகளைப் பார்க்கும் மொத்த விலைக் குறியீட்டெண். 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் காகிதம், காகிதப் பொருள்களுக்கு 1.113 எடை, அச்சுத் தொழிலுக்கு 0.676. இந்த எண் ஏறியதும் நோட்டு விலை சில மாதங்களில் பின்னாலேயே வரும். நாளிதழ் விலை வருமா என்பது சந்தேகம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்தத் துறையைப் புரிந்துகொள்ள மிக நல்ல பயிற்சி.

புத்தகம் என்ற தொல்லை

நோட்டு மாதாமாதம் அதே நோட்டு. புத்தகம் அப்படியில்லை. இந்த மாதம் பரபரப்பாக விற்கும் நாவல் அடுத்த வருடம் கடையில் இருக்காது. இருந்தாலும் அதை வாங்குகிறவர் அதையே திரும்ப வாங்கப்போவதில்லை. ஆகவே ‘இந்த வகைப் புத்தகம், ஏறக்குறைய இத்தனை பக்கம், இந்த வகை பைண்டிங்’ என்று வரையறுத்துக்கொண்டு அதற்கு இணையானதைத் தேடித்தான் ஒப்பிட முடியும்.

பாடப்புத்தகத்தில் வேறொரு சிக்கல். அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் கல்லூரிப் பாடப்புத்தகங்களுக்குத் தனியாக விலை திரட்டுகிறது. 2006 ஜனவரியிலிருந்து 2016 ஜூலை வரை அவற்றின் விலை 88 சதவீதம் ஏறியது. அதே காலத்தில் கல்லூரிக் கட்டணம் ஏறியதே 63 சதவீதம்தான். எதனால்? புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர், பணம் கொடுப்பவர் மாணவர். விலை பார்த்து மாற்றிக்கொள்ளும் வழி வாங்குகிறவரிடம் இல்லை. புதிய பதிப்பு வந்ததும் பழைய பிரதி செல்லாமல் போய்விடும். இந்தப் பதிப்பகத்தின் புத்தகம், இந்தக் கம்பெனியின் நோட்டு என்று பள்ளியே பட்டியல் கொடுக்கும் ஊர்களில் உள்ள பெற்றோருக்கு இதை விளக்க வேண்டிய தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பில் 20 பக்கம் கூடியிருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது. நோட்டில் பக்கம் கூடினால் பிள்ளைக்குப் பயன். பாடப்புத்தகத்தில் கூடிய 20 பக்கம் பயனா என்பது வேறு கேள்வி. அதே பாடத்தைப் படித்து முடிக்க இப்போது அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை முழு விலையேற்றமாகவே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தரம் கூடியது என்று சொல்லிக் கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

12 சதவீத வரி போனால் விலை 12 சதவீதம் குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ஷார்ப்னர், கிரேயான், வரைபடம் ஆகியவற்றுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. ரப்பருக்கு இருந்த 5 சதவீதமும் போனது. அச்சிட்ட புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் முன்பே வரி இல்லை.

50 ரூபாய் நோட்டுக்கு 12 சதவீதம் சேர்த்தால் 56. வரி போனால் 56 மறுபடி 50 ஆக வேண்டும். குறைவது 6 ரூபாய், அதாவது 56-இல் 10.7 சதவீதம். முழுப் பயனும் கடைசிவரை வந்து சேர்ந்தால்கூட விலை 10.7-தான் குறையும். 12 என்று எதிர்பார்ப்பது கணக்குத் தப்பு. குறியீட்டெண்ணில் இது ஒரு படி இறக்கம். நாளிதழ் ஏற்றத்துக்குச் சொன்ன அதே விதி இதற்கும் பொருந்தும்: பன்னிரண்டு மாதம் பணவீக்கம் கீழே அமுங்கித் தெரியும். பதின்மூன்றாம் மாதம் அந்த அமுக்கம் விலகும்போது நோட்டு விலை திடீரென எகிறியதுபோல் தலைப்புச் செய்திகள் வரலாம். அப்போது குறியீட்டெண்ணைப் பாருங்கள், அது ஆடாமல் இருக்கக்கூடும்.

அதே நாளில் வேறொன்றும் நடந்தது. நோட்டு செய்யும் தாளுக்கு வரி இல்லை என்றாகிவிட்டது. ஆனால் மற்ற அச்சுத் தாளுக்கு வரி 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியது. புத்தகத்துக்கு வரி கிடையாது என்பதால், தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது செலவாகவே நின்றுவிடும். ஒரே வரி மாற்றத்தில் நோட்டு இறங்க வழி, புத்தகம் ஏற வழி. இரண்டையும் ஒரே குழுவாகச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கதை தெரியவே தெரியாது.

பொருளே இல்லாவிட்டால்?

இலங்கையில் 2022-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்நியச் செலாவணி வற்றிப்போனதால் காகிதமும் மையும் இறக்குமதி செய்ய முடியவில்லை. மார்ச் மாதம், கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைத் தேர்வுகளையே தள்ளிவைத்தார்கள், வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லை. சில நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை நிறுத்திவைத்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஒட்டுமொத்தப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

அந்த நாள்களில் விலை சேகரிக்கப் போனவரை நினைத்துப் பாருங்கள். கடையில் பொருளே இல்லை. என்ன விலை எழுதுவது? போன மாத விலையையே எழுதினால் ஏற்றம் இல்லாததுபோல் ஆகிவிடும். ஆகவே பொதுவான முறை, அதே வகையைச் சேர்ந்த மற்ற பொருள்கள் எவ்வளவு ஏறினவோ அதே விகிதத்தை இதற்கும் கொடுத்து நிரப்புவது. இருப்பவற்றில் இது நல்ல வழிதான். ஆனாலும் கொப்பி (நோட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கிடைக்காமல் பழைய கொப்பியின் மிச்சப் பக்கங்களைத் தைத்துக்கொடுக்க வேண்டிய நிலையை எந்தக் குறியீட்டெண்ணும் காட்டாது. விலை உண்டு, பொருள் இல்லை என்கிற நிலையை அளக்கும் கருவி இது இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க

நான் ஒவ்வொரு வருடமும் ஜூனில் விலை குறிக்கிறேன். ஜூன் ஏன் என்றால் எங்கள் வீட்டில் இந்தச் செலவின் பெரும்பகுதி அந்த மாதத்தில்தான் விழுகிறது. ஜூனை மே மாதத்தோடு ஒப்பிட்டால் பள்ளி திறக்கும் நெருக்கடியைத்தான் அளந்துகொண்டிருப்போம். ஜூனை ஜூனோடு ஒப்பிட வேண்டும். வேறு ஊரில் பள்ளி ஏப்ரலில் திறந்தால் ஏப்ரலை ஏப்ரலோடு.

பத்துப் பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் விலையோடு பக்க எண்ணிக்கை, அளவு, அட்டையில் போட்டிருந்தால் ஜிஎஸ்எம், வாங்கிய கடை ஆகியவற்றை எழுதுகிறேன். பேனாவுக்கு ரீஃபில் விலையையும் தனியாக எழுதுவேன், பேனா விலை அசையாமல் ரீஃபில் மட்டும் ஏறிய வருடம் உண்டு. முதல் வருடச் செலவில் ஒவ்வொன்றுக்கும் என்ன பங்கு என்று எடுத்து அதையே எடையாக வைத்தேன். மகள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது கிரேயான் வாங்குவது நின்று, கைடும் ஜெராக்ஸும் கூடிவிட்டன. பழைய எடை பொருந்தவில்லை. அந்த வருடத்தைப் புதிய 100 ஆக வைத்து வேறு தொடர் தொடங்கினேன். பழைய தொடர் அந்த ஜூனில் 140-இல் நின்றது. அதற்கடுத்த ஜூனில் புதிய தொடர் 105 காட்டினால், 140-ஐ 1.05-ஆல் பெருக்கி 147 என்று பழைய தொடரை நீட்டிக்கொள்ளலாம். அரசும் அடிப்படை ஆண்டை மாற்றும்போது இப்படி ஓர் இணைப்புக் காரணியைக் கொடுத்துத்தான் பழையதையும் புதியதையும் கோக்கிறது.

போன வருடம் அந்தத் தெருமுனைக் கடை மூடிவிட்டது. இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பெரிய கடையில் வாங்குகிறேன். அங்கே எல்லாமே இரண்டு மூன்று ரூபாய் மலிவு. அதை விலை இறக்கமாக எழுதவில்லை. கடை மாறியது என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டு, புதிய கடையின் விலைகளைத் தனி வரிசையில் தொடங்கியிருக்கிறேன். அடுத்த ஜூனில் அங்கே அதே நோட்டை, அதே பக்க எண்ணிக்கையோடு தேட வேண்டும்.